நெடுந்தீவில் ஒரு விடுமுறை

தீவிலே பிறந்து தீவிலே வாழ்பவர், ஓய்வு நாள்களைக் கழிப்பதற்கு மற்றொரு தீவைத் தேடிப் போவது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் இலங்கையின் வடபாலில் அதற்கு இடமுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஏழினைச் சப்த தீவுகள் எனச் சிறப்பித்துக் கூறுவது பழைய வழக்கு. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகிய மூன்றும் இன்று தரைவழியே எட்டக்கூடியவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகேற வேண்டும். ஏழனுள் தொலைவில் தனித்து நிற்பது நெடுந்தீவு. நீளம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர், அகலம் 6 கிலோமீற்றர், பரப்பு 50 சதுரக் கிலோமீற்றர் அளவினதாகிய அந்தத் தீவுக்கு விடுமுறையில் செல்ல விரும்புவோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவ்வாறு செல்பவர் எதனைக் கருதி ஆயத்தஞ் செய்ய வேண்டும் என்பதே இந்தப் பேச்சின் பொருள்.

வெப்பமண்டலத் தீவு என்றதும் உல்லாசப் பிரயாணத் துண்டுப்பிரசுரங்கள் ஒரு படத்தைக் காட்டும். வெண்மணற் கரை, சாய்ந்து நிற்கும் தென்னை, இளநீர் அருந்தும் பிரயாணி. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நெடுந்தீவில் இறங்குபவர் முதல் அரை மணி நேரத்திலேயே ஏமாற்றம் அடைவார். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை பனை. காலடியில் முருகைக்கல். அந்தக் கல்லையே சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள், ஒழுங்கைதோறும் இருமருங்கும் தொடர்ந்து செல்லும். ஆறில்லை, மலையில்லை, நிழல் அடர்ந்த சோலையும் குறைவு. அத்தீவின் அழகு வறண்ட நிலத்தின் அழகு. அதனை விரும்புவோருக்கு அது வாரி வழங்கும். விரும்பாதவருக்கு ஒரு பொழுதும் நீண்டதாகத் தோன்றும். ஆகவே முதலில் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி, இத்தகைய இடத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் கடலில் நீந்தி விளையாடுவதொன்றையே விரும்பினால், திருகோணமலைப் பக்கத்துக் கரைகளுக்கு அழைத்துச் செல்லலாம்.

போவதென்று தீர்மானித்தவர், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதத் தொடங்குவதே வழக்கம். கோட்டை, குதிரைகள், பெருக்கமரம், புறாக்கூடு என்று பட்டியல் நீளும். இந்த முறை தலைகீழானது. சிறிய தீவொன்றுக்குப் போகும்போது, அங்கே என்ன உண்டு என்பதைவிட என்ன இல்லை என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். நெடுந்தீவில் தாராளமாக இல்லாதவை இரண்டு. ஒன்று நன்னீர், மற்றையது படகு. இவ்விரண்டையும் அறிந்து திட்டமிட்டவருக்கு ஏனைய காட்சிகள் தாமே வந்தமையும்.

காலத்தைப் பற்றி முதலில் கூற வேண்டும். வடபகுதி மக்கள் ஆண்டை இரு காற்றுகளால் வகுத்து வைத்திருக்கின்றனர். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம். ஐப்பசி தொடங்கி வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பிலும் காலியிலும் மழையாகக் கொட்டும். யாழ்ப்பாணத்துக்கு வரும்போது அது வெறும் வறண்ட காற்றாகவே வந்து சேரும். புழுதியை வாரி இறைக்கும். கிணறுகளை வற்றச் செய்யும். கடலையும் கொந்தளிக்கச் செய்யும். வாடைக்காற்றோ மழையைக் கொணர்வது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதங்களே அப்பகுதியின் மாரி. அக்காலத்தில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் தோன்றினால் படகுச் சேவை நின்றுவிடும். தீவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிடவும் நேரும்.

பாடசாலை விடுமுறைகளோ வழமையாக ஏப்பிரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் வருவன. டிசம்பரில் மழை. ஆகஸ்டில் சோழகமும் வறட்சியும். ஏப்பிரலில் கடல் அமைதியாக இருப்பினும் வெயில் உச்சத்தில் நிற்கும். தீவு மிக அழகாக இருக்கும் காலம் தை நடுப்பகுதி முதல் பங்குனி முடியும் வரையான காலமே. மாரி மழையை உண்ட நிலம் அப்போது பச்சைப் புல்லால் மூடியிருக்கும். குட்டைகளில் நீர் நிற்கும். மாடுகளும் குதிரைகளும் கொழுத்துத் திரியும். பிள்ளைகளின் பாடசாலையை எண்ணி இந்தக் காலத்தைத் தவறவிடுபவர் பலர். தைப்பொங்கலையோ, பெப்ரவரி 4 ஆம் நாளின் சுதந்திர தின விடுமுறையையோ வார இறுதியுடன் சேர்த்துக்கொள்ள முடியுமாயின், மூன்று நாள் கிடைக்கும்; நெடுந்தீவுக்கு அது போதும். ஏப்பிரலை விட்டால் வேறு வழியில்லை என்போர் அம்மாதத்தின் முற்பகுதியையே தெரிந்துகொள்ளட்டும். ஆகஸ்டைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இனிப் படகு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக, வாணர் பாலத்தினூடே புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு முனையிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் செல்ல வேண்டும். பஸ்ஸில் செல்வோர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கிக்கொள்ளல் வேண்டும். கடலின் நடுவே செல்லும் அந்தப் பாதை நெடுகிலும் இருபுறமும் நீர் விரிந்து கிடப்பதும், ஆழமற்ற கடலில் களங்கண்ணி வலைகளின் கம்புகள் வரிசையாக நிற்பதும் பயணத்தின் முதற் காட்சி. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு இயந்திரப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். அதே துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. அந்தப் பயணம் சிறிது நேரமே. படகுகளும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு அவ்வாறில்லை. நாளொன்றுக்குச் சில தடவைகள் மாத்திரமே சேவை நடைபெறும். நேரமும் கடலின் நிலைக்கும் படகின் நிலைக்கும் ஏற்ப மாறும். சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பிப் புறப்படலாகாது. முதல் நாளே விசாரித்தறிதல் வேண்டும்.

கொழும்பிலிருந்து இரவு முழுவதும் பிரயாணஞ் செய்து விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, அப்படியே குறிகாட்டுவானுக்கு ஓடுவோரும் உளர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் உறக்கமின்றி வந்த உடலோடு படகேறினால், கடல் தன் வேலையைக் காட்டிவிடும். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி இளைப்பாறுவது வீண் செலவன்று. படகேறு முன் வயிறு நிறைய உண்ணலாகாது. வெறும் வயிறும் ஆகாது. இயந்திரத்தின் சூடும் எண்ணெய் மணமும் உள்ள கீழ்த்தட்டில் அடைபட்டிருப்போருக்கே தலைச்சுற்று விரைவில் வரும். அடிவானம் தெரியும் இடத்தில் இருந்துகொண்டு அதனையே பார்த்து வருபவருக்கு அத்துன்பம் குறைவு. படகில் உயிர்காப்பு அங்கி தரப்படின், வெட்கப்படாது அணிந்துகொள்ள வேண்டும். கடற்றொழில் செய்வோர் அணியவில்லையே என்று பார்ப்பது தவறு. அவர்களுக்கு நீந்தத் தெரியும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் மகோற்சவம் ஆனி மாதத்தையொட்டி நடைபெறும். அந்நாள்களில் குறிகாட்டுவானில் மக்கள் வெள்ளமாகத் திரள்வர். நாகவிகாரையைத் தரிசிக்க வருவோரால் பௌர்ணமி நாள்களிலும் நெருக்கம் மிகும். நெடுந்தீவை மாத்திரம் நாடிச் செல்வோர் அந்நாள்களை ஒதுக்கி வைப்பதே நலம்.

படகைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அது அட்டவணையில் இராது. பிரயாணிக்கு அது உல்லாசப் படகு. தீவாருக்கு அதுவே வீதி. ஆசிரியரும் உத்தியோகத்தரும் அதில்தான் வருகின்றனர். பெரிய வைத்தியத்துக்கு நோயாளி போவதும் கடல்வழியேதான். கடைக்கு அரிசி மூட்டை வருவதும் கடல்வழியேதான். விடுமுறை நாளில் ஐம்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் முந்திக்கொண்டு ஏறிவிட்டால், கைக்குழந்தையோடு கரையில் நிற்கும் தாய் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே பெருங் கூட்டமாகச் செல்வோர் தமக்கெனத் தனிப்படகு பேசிக்கொள்வது முறை. சிறு குடும்பமாகச் செல்வோர் தீவாரை முதலில் ஏறவிட்டு ஏறுவது மரியாதை.

குமுதினி என்ற படகின் பெயரை அத்தீவில் எவரும் எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள். 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் சிறுவரும் உட்படப் பலர் அதிலேயே கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நினைவுகூரல் நடைபெறுகிறது. விடுமுறைக்குச் செல்பவரிடம் இதனைச் சொல்வது பொருந்துமா எனச் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கடலைக் கடந்து போகிறவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. அதே நீரின்மேல் கூச்சலும் கும்மாளமுமாகச் செல்லும்போது, அருகில் அமர்ந்திருக்கும் முதியவர் ஏன் பேசாதிருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கும்.

இப்போது நீரைப் பற்றிப் பார்க்கலாம். நெடுந்தீவின் நிலம் சுண்ணக்கல். மாரியில் பெய்யும் மழைநீர் அந்தக் கல்லின் துளைகளூடே கீழிறங்கி, அடியில் ஊறி நிற்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் தங்கி நிற்கும் என்பது நிலநீர் ஆராய்வோர் கூறும் கணக்கு. கேட்பதற்கு இது பெருஞ் செல்வம் போலத் தோன்றும். ஆனால் அதே கணக்கின்படி, மேலே 1 அடி இறங்கினால் கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும். ஆகவே கிணற்றில் நீர் தெரிகிறதென்று இயந்திரத்தை வைத்து இறைத்தால், நீர் வற்றுமுன்பே உவர்த்துவிடும். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மாரிகள் பெய்ய வேண்டும்.

இதனாலேயே தீவில் கிணறுகள் பல இருந்தும் குடிக்கத்தக்க நீர் சில இடங்களிலேயே கிடைக்கிறது. தென்பகுதியில் சாராப்பிட்டி என்னும் இடத்திலுள்ள கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. முற்காலத்துப் பெண்கள் அங்கிருந்து குடங்களில் நீர் சுமந்து நெடுந்தூரம் நடந்தனர். பிற்காலத்தில் உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களும் தீவுக்கு வந்தன. அவற்றால் துன்பம் குறைந்தது உண்மையே. எனினும் கோடையின் கடைசி வாரங்களில் ஒரு வாளி நீரின் விலையைத் தீவார் மறந்துவிடவில்லை.

கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர், முதிய தாயார் ஒருவர் என அறுவர் கொண்ட குடும்பமொன்று இரண்டு நாள் தங்கப் போவதாக வைத்துக்கொண்டால், வெயில் நாளில் ஒருவருக்குக் குடிப்பதற்கு மாத்திரம் 3 லீற்றர் வேண்டும். அறுவருக்கு இரண்டு நாளைக்கு 36 லீற்றர் ஆகிறது. இதனை முழுவதும் தீவிலே பெற்றுக்கொள்ளலாம் என எண்ணாமல், முதல் நாளைக்கு வேண்டியதையாவது உடன் கொண்டு செல்ல வேண்டும். குளிப்பதற்கோ கொண்டு செல்ல முடியாது. அங்கேதான் நகரத்து வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு நாலைந்து வாளி நீரில் குளித்துப் பழகியவர், ஒரு வாளியில் குளிக்கப் பழகட்டும். பிள்ளைகளுக்கு இதனைப் புறப்படுமுன்பே சொல்லி வைத்தால், அவர்கள் அதனை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வர். பெரியவர்கள்தாம் முணுமுணுப்பார்கள்.

நெடுந்தீவில் காணும் பொருள்களும் நீரின் கதையையே வேறுவேறு வகையில் சொல்கின்றன. போர்த்துக்கேயர் அத்தீவைப் பசுத்தீவு என்னும் பொருள்பட அழைத்தனர். மழைக்குப்பின் முளைக்கும் புல்லை நம்பிக் கால்நடை வளர்ந்த நாடு அது. அவர்கள் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்களே இன்று வெளிகளில் திரியும் மட்டக்குதிரைகள் என்பர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரை இட்டுத் தீவை டெல்ஃவ்ற் என வழங்கினர். அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் அவர்கள் இவ்வாறு பெயரிட்டனர். அவை மறைந்தொழிய, இஃது ஒன்றே நிலைத்தது. குதிரை வளர்ப்பை அவர்களும் தொடர்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் அயர்லாந்துப் படை அதிகாரி அத்தொழிலை மேற்பார்த்தார். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 லீற்றர் வரை நீர் வேண்டும். கிணற்றை முதலிலே எண்ணாமல் எவரும் அங்கே லாயம் கட்டியிருக்க முடியாது.

இக்குதிரைகளைக் காண விரும்புவோர் விடியற்காலையில் அல்லது மாலையில் வெளிகளுக்குச் செல்ல வேண்டும். காலைப் படகில் வந்து, முச்சக்கர வண்டியில் நான்கு இடங்களைச் சுற்றி, பிற்பகற் படகில் திரும்புவோர் குதிரைகளைத் தொலைவில் புள்ளிகளாகவே காண்பர். ஓர் இரவு தங்குபவருக்கே அவை அருகில் தெரியும். அருகில் என்றாலும் தொடும் தூரமன்று. அவை யாருக்கும் பழகியவையல்ல. ஒலியெழுப்பித் துரத்தி ஓடவைத்துப் படம்பிடிக்கும் இளைஞர் சிலர் உளர். கடும் வறட்சியில் நீரின்றிக் குதிரைகள் மடிந்த ஆண்டுகளும் உண்டு என்பதை அறிந்தவர், கோடையில் ஒரு குதிரையை வீணே ஓடவிட மாட்டார்.

பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர் கொணர்ந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. மன்னாரிலும் இம்மரங்கள் உண்டு. தன் பருத்த அடிமரத்தில் மழைநீரைத் தேக்கி வைத்துக்கொண்டு வறட்சியைக் கடத்திவிடும் இயல்பினது ஆதலால், நெடுந்தீவின் நிலத்தோடு அது இலகுவில் உறவாடிவிட்டது. உள்ளே மனிதர் புகுந்து நிற்கத்தக்க பொந்து அதிலுண்டு. பொந்தினுள்ளே பெயரைச் செதுக்கும் ஆசை சிலரை ஆட்கொள்கிறது. அந்த ஆசையைக் கத்தியோடு வீட்டிலே விட்டுவரலாம்.

இவையன்றி, முருகைக்கல்லால் கட்டப்பட்டு இன்று சிதைந்து நிற்கும் பழைய கோட்டை, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, தென்கடற் பக்கத்தில் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக எழுப்பப்பட்ட கூம்பு வடிவக் கோபுரம், வளருங் கல் என்று மக்கள் வணங்கும் கல், பாறையில் பாதச் சுவடு போலக் காணப்படும் பெரும் பள்ளம் ஆகியனவும் உள்ளன. இவற்றைப் பற்றி உள்ளூர் முதியவர் ஒருவரை விசாரித்தால், வண்டிக்காரர் சொல்லும் இரண்டு வாக்கியங்களைவிட நல்ல கதை கிடைக்கும். அதற்கும் நேரம் வேண்டும்.

தங்குமிடங்கள் அங்கே மிகச் சிலவே. புறப்படுமுன்பே பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும். உணவும் அவ்வாறே. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குள் நுழைந்து ஆறு பேருக்குச் சோறு கேட்டால், கடைக்காரர் எங்கே போவார்? காலையிலேயே சொல்லி வைத்தால் நல்ல மீன்குழம்பு கிடைக்கும். ஒடியற்கூழ் காய்ச்சித் தருவோரும் கிடைத்தால், அதனை மறுப்பது பாவம்.

நெடுந்தீவுக்கு விடுமுறையில் வருவோருள் மற்றொரு வகையினரும் உளர். போர்க் காலத்தில் தீவை விட்டு வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களின் மக்களும் பேரரும் அவர்கள். 2009 இல் போர் முடிந்தபின் அவர்கள் வரத் தொடங்கினர். அவர்களுக்குக் கோட்டையும் குதிரையும் இரண்டாவது. கூரையிழந்து நிற்கும் ஒரு வீடு, அதன் கல்வேலி, கொல்லையிலுள்ள கிணறு, இவையே முதலாவது. முன்னே கூறிய குடும்பத்து முதிய தாயார் அந்தத் தீவிலே பிறந்தவராக இருப்பின், பயணத் திட்டம் முழுவதையும் அவருக்காகவே மாற்ற வேண்டும். படகில் ஏறி இறங்கும் இடத்தில் கைகொடுக்க இருவர் வேண்டும். பழைய காணிக்குப் போகும் வழி பற்றைக் காடாகியிருக்கலாம். பகலிலேயே போக வேண்டும். ஆளில்லாத வளவிலுள்ள கிணறுகள் கட்டில்லாமல் தரைமட்டமாகக் கிடக்கும். பிள்ளைகளை முன்னே ஓடவிடலாகாது. அயலில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு முன்னரே சொல்லியனுப்பினால், அவர்கள் வழியைத் துப்புரவாக்கி வைப்பர். கிணற்றடியில் அவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது. அன்றைய பிற்பகலுக்கு வேறு எந்த இடத்தையும் குறித்து வைக்காமல் விடுவதே தக்கது.

திரும்பும் நாளில் முதற் படகைப் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு, கொழும்பு வண்டிக்கு மறுநாட் சீட்டு எடுக்க வேண்டும். அதே நாட் சீட்டு ஆகாது. காற்று மாறினால் படகு பிந்தும். குடித்துத் தீர்த்த நீரின் வெற்றுப் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் மூட்டையாகக் கட்டி உடன் கொண்டுவந்துவிட வேண்டும். அவற்றை எரிப்பதற்கோ புதைப்பதற்கோ அந்தச் சிறு தீவில் இடமில்லை. புல்லற்ற நாளில் மாடுகள் அவற்றைத் தின்றுவிடும். மீதமாக இருக்கும் குடிநீரை மாத்திரம் திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை. தங்கிய வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வரலாம்.